கடிதத்தில் இல்லாத குழந்தை
(சிலம்பு, மேகலை, சிந்தாமணி: ஒரு வியாபாரியின் வாசிப்பு)

நம் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் பட்டிமன்றம் இல்லாமல் இருக்காது. நான் 1983-இல் மும்பைக்கு வந்தேன். அன்றிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன், "கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?" என்ற தலைப்பை! இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் பேசுவார்கள். நடுவர் ஊரிலிருந்து வருவார். கடைசியில் இரண்டு பேருமே சிறந்தவர்கள்தான் என்று தீர்ப்பு. எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவோம்.

சென்ற ஆண்டு சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரக் கதை சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் புலவன் இல்லை. மாட்டுங்காவில் ஆரணிப் பட்டு விற்கிற கடைக்காரன். படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து மதிய நேரத்தில் படித்ததுதான். இருந்தாலும் சொன்னேன். கோவலன் மாதவியை விட்டுக் கண்ணகியிடம் திரும்பினான், இருவரும் விடியுமுன்னே மதுரைக்குக் கிளம்பினார்கள் என்று சொல்லி நிறுத்தினேன். பின்வரிசையில் ஒரு சிறு பெண் கையைத் தூக்கியது.

"தாத்தா, மணிமேகலைகிட்ட அவங்க அப்பா சொல்லிட்டுப் போனாரா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அது அடுத்த வாரம் சொல்றேம்மா" என்று சமாளித்துவிட்டேன். அந்தக் குழந்தையின் தாயும் தகப்பனும் இரண்டு வருஷமாகத் தனித்தனியாக இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். அது கேட்டது காப்பியக் கேள்வி இல்லை. ஆனால் அதைவிட நல்ல காப்பியக் கேள்வியை நம் மேடையில் நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து நூல்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியை 1887-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், மணிமேகலையை 1898-லும் பதிப்பித்தார். நூறு வருஷத்துக்கு மேலாக நாம் இவற்றைப் படித்து வருகிறோம். கணவன், மனைவி, பரத்தை, அரசன், ஊழ் என்று பெரியவர்கள் பக்கமே நின்று படித்திருக்கிறோம். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு கடிதங்கள்

கானல்வரியில் ஒரு பாட்டால் பிணக்கு வருகிறது. கோவலன் எழுந்து போகிறான். மாதவி அவனுக்கு இரண்டு முறை கடிதம் அனுப்புகிறாள். முதல் கடிதம் வேனிற்காலத்தையும் பிரிவையும் சொல்கிறது. வசந்தமாலை கொண்டு போகிறாள், கோவலன் வாங்க மறுக்கிறான். இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரைக்குப் போகும் வழியில் கொண்டு சேர்க்கிறான். பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, குலமகளோடு இரவோடு இரவாகப் புறப்படும்படி நான் செய்த பிழை என்ன என்று அதில் கேட்கிறாள். கோவலன் மனம் இளகுகிறது. குற்றம் அவள்மேல் இல்லை, தன்மேல்தான் என்று ஒப்புக்கொள்கிறான். அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று அதையே அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறான்.

இப்போது கவனியுங்கள். இரண்டு கடிதத்திலும் மணிமேகலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "உங்கள் மகள் உங்களைத் தேடுகிறாள்" என்று ஒரு வரி மாதவி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பதில் சொன்னவனும் தாய் தகப்பனை நினைத்தானே தவிர மகளை விசாரிக்கவில்லை. பிரிகிற பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத பற்றாகப் போய்விடுகிறது. வியாபாரி என்பதால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கோவலனுக்குப் பாசமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. குழந்தை பிறந்தபோது, தன் முன்னோர் ஒருவரைக் கடலில் காப்பாற்றிய குலதெய்வத்தின் பெயரை வைத்து, பொன்னை வாரி வழங்கியவன் அவன். மாடலன் அதை அடைக்கலக் காதையில் நினைவுபடுத்துகிறான். அதைக் கேட்ட பிறகுதான் கோவலன் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறான். பல தீக்குறிகளோடு அந்தக் கனவில் மாதவி மணிமேகலையைப் போதிமரத்துப் பெருமானின் முன் ஒப்படைக்கிறாள். பகலில் பெயர் எடுக்காத மகள் நடுச்சாமத்தில் வந்து நிற்கிறாள். இளங்கோவடிகள் இதை ஒரு தீக்குறியாகச் சொல்லி மேலே போய்விடுகிறார். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. விட்டுவந்த பிள்ளை தகப்பனுக்குள்ளும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லையே!

மாதவி அதிகாரபூர்வ மனைவி இல்லை, இதைக் குடும்பப் பிரிவு என்று சொல்லலாமா என்று சில அன்பர்கள் கேட்கலாம். ஊருக்கு அந்த வேறுபாடு உண்டு. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு இல்லை.

யாருடைய மகள்?

சாத்தனார் விட்ட இடத்திலிருந்து எடுக்கிறார். இந்திர விழாவுக்கு ஆட வரச்சொல்லிச் சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். மறுக்கும்போது, மணிமேகலை மதுரையை எரித்த அந்தப் பத்தினியின் மகள், தவத்துக்குத்தான் உரியவள் என்கிறாள். மாதவியின் பெருமைக்கு இதைத்தான் மேடையில் எடுத்துக்காட்டுவார்கள். மகளைக் கணிகையர் வாழ்விலிருந்து மீட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று கேளுங்கள். பெற்ற தாயே "நீ என் மகள் இல்லை, அவள் மகள்" என்கிறாள். பெற்றோர் பட்ட கடனை அடைக்கும் பொறுப்பு, அவள் கருத்தைக் கேளாமலே, அவள் தலையில் விழுகிறது.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டே மணிமேகலை கேட்கிறாள். கண்ணீர் விழுந்து மாலை நனைந்துபோகிறது. அந்த மாலை வழிபாட்டுக்கு ஆகாது, வேறு பூ கொண்டு வா என்று அனுப்புகிறார்கள். அழாதே என்று மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டதாக இல்லை. பூ கெட்டுவிட்டது, அதுதான் அவசரம்.

இதைவிட முக்கியமான இடம் மணிபல்லவம். தெய்வம் அவளை உறக்கத்தில் தூக்கிக் கொண்டுபோய் அந்தத் தீவில் விட்டுவிடுகிறது. விழித்துப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. சுதமதியைத் தேடுகிறாள், காணவில்லை. அப்போது அவள் வாய்விட்டுக் கூப்பிடுவது யாரை? மனைவியோடு அயல்நாடு போய் வாளால் வெட்டுண்ட தகப்பனை. ஐயா, ஐயா என்று அரற்றுகிறாள். தன்னிடம் சொல்லாமல் போனவனை, தனக்காக ஒரு கடிதம் எழுதாதவனை, யாருமில்லாத கரையில் நின்று கூப்பிடுகிறாள். சாத்தனார் பௌத்தத் தத்துவம் பேசவந்த புலவர்தான். ஆனால் இந்த ஓர் இடத்தில் அவர் பிள்ளை மனசைத் தொட்டுவிட்டார் என்பேன். அவளைக் காப்பாற்ற வரும் தெய்வத்தின் பெயரும் மணிமேகலாதான். தகப்பன் அவளுக்கு வைத்துவிட்டுப் போன சொத்து அந்தப் பெயர் ஒன்றே.

பின்னால் அவள் வஞ்சிக்குப் போய் கண்ணகி, கோவலன் சிலைகளின் முன் நிற்கிறாள். கற்சிலையிடம் கேள்வி கேட்கிறாள். அங்கேயே, துறவியாகிவிட்ட கோவலனின் தந்தை மாசாத்துவானையும் பார்க்கிறாள். காஞ்சிக்குப் போ என்று வழிசொல்கிறார் அவர். தாத்தாவும் பேத்தியும் இப்படிச் சந்திக்க, ஒரு நகரமே எரிந்து, எல்லோரும் வீட்டைத் துறக்கவேண்டியிருந்தது. பிரிவு வந்தால் தாத்தா பாட்டி உறவும் சேர்ந்து அறுந்துபோவதை இன்றைக்கும் பார்க்கிறோமே.

கைவிட்டவன் பாத்திரம்

மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அது முதலில் யார் கையில் இருந்தது? ஆபுத்திரன் கையில். பிறந்தவுடன் தாய் சாலி ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. பசு ஏழு நாள் பாலூட்டியது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்தார். வளர்ந்தபின், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவன் அவிழ்த்துவிட்டதும், "உன் பிறப்பு என்ன தெரியுமா?" என்று ஊர் ஏசியது, வளர்த்த வீடும் கைவிட்டது. அவன் மதுரையில் பிச்சையெடுத்து, அதையும் குருடர், முடவர், ஆதரவற்றோருக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் உண்டான். அந்தக் கைக்குத்தான் சிந்தாதேவி பாத்திரத்தைக் கொடுத்தாள்.

தாய் விட்டுப்போன மகனின் பாத்திரம், தகப்பன் விட்டுப்போன மகளின் கைக்கு வருகிறது. அவள் அதை வைத்துப் பசித்தவருக்குச் சோறு போட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கச் செய்தாள், பஞ்சத்தில் காஞ்சியைக் காப்பாற்றினாள். இது தற்செயலா, சாத்தனார் திட்டமிட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று சொல்லலாம். கைவிடப்பட்ட பிள்ளைகள் எல்லாம் கெட்டுப்போவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்தவர் பசி அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். அதே சமயம், அவர்கள் பட்டதை அவர் மறைக்கவும் இல்லை.

சீவகனின் எட்டு வீடுகள்

இனி எங்கள் வீட்டு நூலுக்கு வருகிறேன். கும்பகோணத்து ஜைன அன்பர்களிடம் போய்ச் சிந்தாமணிக்குப் பொருள் கேட்டதை ஐயரவர்கள் எழுதியிருக்கிறார். எங்கள் மக்களுக்கு அது பாராயண நூல். அதனால் அதைக் குறைகூறத் தயங்குவோம். நான் கொஞ்சம் கேள்வி கேட்கிறேன், பெரியவர்கள் பொறுக்கவேண்டும்.

சச்சந்தன் மனைவி விசயையோடு கொண்ட காதலில் மூழ்கி, நாட்டை அமைச்சன் கட்டியங்காரன் கையில் விட்டான். அவன் சூழ்ச்சி செய்ய, கருவுற்ற மனைவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் மடிந்தான். சுடுகாட்டில் பிறந்தான் சீவகன். இறந்த குழந்தையை அடக்கம் செய்ய வந்த வணிகன் கந்துக்கடன் இவனை எடுத்துப்போய் மனைவி சுநந்தையிடம் கொடுத்தான். விசயை தவப்பள்ளிக்குப் போனாள். ஆக, கணவனும் மனைவியும் சண்டை போட்டால்தான் குடும்பம் உடையும் என்பதில்லை. தங்களுக்குள்ளேயே மூழ்கிப்போனாலும் உடையும். திருத்தக்கதேவர் இதைத் தெளிவாகவே காட்டுகிறார்.

சீவகன் அன்பான வீட்டில் வளர்ந்தான், கல்வி, கலை, தோழர்கள் எதற்கும் குறைவில்லை. உரிய வயது வந்ததும் ஆசிரியர் அச்சணந்தி அவன் பிறப்பைச் சொல்கிறார். எப்படி? வேறு யாரோ ஒருவரின் கதைபோலச் சொல்லி, கடைசியில் அது நீதான் என்கிறார். கேட்டவன் கலங்கிப் போகிறான். பின் பகைமேல் பாய நினைப்பவனை, ஒரு வருஷம் பொறு என்று வாக்கு வாங்குகிறார். உண்மையை யார் சொல்லவேண்டும், எப்போது, எந்த முறையில் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் இலக்கியத்தில் நான் பார்க்கவில்லை. ஆபுத்திரனுக்கும் அதே உண்மை சொல்லப்பட்டது. ஆனால் ஊர் நடுவில், வசவாக. அதனால்தான் ஒருவனுக்கு அது பலமாகவும் மற்றவனுக்கு அடியாகவும் ஆயிற்று.

அடுத்தது எட்டுத் திருமணம். சிந்தாமணிக்கு மணநூல் என்றே பெயர். இளைஞர்கள் இதைக் கேலி செய்வார்கள். நானும் வெகுநாள் இதைக் காப்பிய அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. பதுமையை மணக்கிறான், கொஞ்ச நாளில் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறான். கேமசரியிடமும் அப்படியே. பகைவனிடம் அகப்படாமல் இருக்கவேண்டிய காலம் என்ற காரணம் கதையில் உண்டு. ஆனாலும் தாய் தகப்பன் பிரிந்த கதையோடு பிறந்தவன், போகிற ஊரெல்லாம் ஒரு வீட்டை உண்டாக்குகிறான், எதிலும் தங்கமுடியவில்லை. விட்டுப்போகப்பட்டவனே விட்டுப்போகிறவனும் ஆகிறான். கதை அவனுக்காக மட்டும் அழுகிறது. விடிந்து பார்த்த பதுமைக்காகவும் அழவேண்டும். இது என் வாசிப்புத்தான்.

தன் தாயைத் தண்டகாரணியத் தவப்பள்ளியில் அவன் சந்தித்த பிறகு கதை வேறு கதி கொள்கிறது. பகைவனை வென்று, நாட்டைப் பெற்று, மனைவியர் எல்லோரையும் ஓர் இடத்தில் சேர்க்கிறான். வளர்த்தவர்களையும் மறக்கவில்லை. பெற்றவள் விசயையும் வளர்த்தவள் சுநந்தையும் கடைசியில் சேர்ந்தே துறவு பூணுகிறார்கள். இரண்டு தாய்மார்க்கும் நடுவில் பிள்ளையை இழுக்கிற போட்டி நூலில் எங்கும் இல்லை. இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆய்வு சொல்வது

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒரு புதிய செய்தி. அமெரிக்காவில் ஜூடித் வாலர்ஸ்டைன் என்ற அம்மையார் 1971-இல் கலிபோர்னியாவில் பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கி, 25 ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்தார். 2000-இல் நூலாக வந்தது. பிரிவின் காயம் சின்ன வயதோடு முடிவதில்லை, வளர்ந்து தானே துணைதேடும் வயதில்தான் பலருக்கு அது எழுந்து நிற்கிறது என்றார். நம்பினால் விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயம். அவருடையது சிறிய கூட்டம், வசதியான ஒரே பகுதி என்று மறுத்தவர்களும் உண்டு. மேவிஸ் ஹெதரிங்டன் என்ற இன்னொரு அம்மையார், பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்குக் கடுமையான சிக்கல்கள் என்றும், பிரியாத வீடுகளில் அது 10 சதவீதம் என்றும் 2002-இல் எழுதினார். அதாவது ஆபத்து கூடுதல்தான். ஆனால் நாலில் மூன்று பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். ஓயாத சண்டை நடக்கும் வீட்டில் இருப்பதைவிடப் பிரிவு பிள்ளைக்கு நல்லது என்பதும் ஆய்வாளர் பலர் கண்டதுதான். ஆகவே "பிள்ளைக்காக அடி வாங்கிக்கொண்டு இரு" என்று எந்தப் பெண்ணுக்கும் நாம் உபதேசம் செய்யக்கூடாது.

சட்டமும் ஜைனரான எங்களையும் சேர்த்தே 1955-இல் மணமுறிவுக்கு வழிசெய்தது. 1976-இல் இருவரும் சம்மதித்துப் பிரிய வழிவிட்டது. 1956-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. காகிதத்தில் பிள்ளை வந்துவிட்டது. வீட்டில் வரவேண்டும்.

என் கணக்கு

இவ்வளவு எழுதியவன் தன் கதையை மறைப்பது நியாயமில்லை. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு ஒன்பது வயதில், நெல் வியாபாரமாகப் போன அப்பா வேறு ஊரில் வேறு குடும்பமாகத் தங்கிவிட்டார். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். என்னைச் சாப்பிட வைத்துவிட்டு, இன்றைக்கு வந்தாலும் வருவார் என்று அம்மா இலையைப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் போய்விட்டால் அன்று அவளுக்குப் பட்டினி. வெளியாருக்கு அது விரதம் மாதிரி இருந்தது. அவள் ஒருநாளும் அப்பாவைத் திட்டியதில்லை. அவரைப் பற்றிப் பேசியதும் இல்லை. அந்தப் பேசாமைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னால்தான் போனாரோ என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மூன்று தெரு தள்ளி மாமா வீடு. அங்கேதான் படிப்பு, விளையாட்டு, தீபாவளித் துணி எல்லாம். கந்துக்கடன் அத்தியாயம் எனக்குப் புரிய உரை தேவைப்படவில்லை.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தால் நான் பேரேட்டை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். "ஏங்க, ஒருநாளாவது சண்டை போடுங்க, பயமா இருக்கு" என்பாள் என் மனைவி. பேசினால் யாராவது எழுந்து போய்விடுவார்கள் என்ற ஒன்பது வயதுப் பயம் அது. இதை அவளிடம் சொல்ல எனக்கு அறுபது வயது ஆகவேண்டியிருந்தது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். எனக்கு மூன்று தெரு தள்ளி மாமா இருந்தார். இங்கே ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பிரிகிற குடும்பத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? மாமா சேலத்தில், பாட்டி திருநெல்வேலியில். சங்கம்தான் கந்துக்கடன் வீடாக இருக்கவேண்டும். அந்தப் பிள்ளையிடம் துப்பு விசாரிக்கவேண்டாம். "அப்பா வரலையா?" என்று விழாவில் எல்லோர் முன்னும் கேட்கவேண்டாம். ஒருவரின் செய்தியை மற்றவருக்குப் பிள்ளை மூலம் சொல்லி அனுப்பவேண்டாம். பிரிகிற பெற்றோர், இது உன் தப்பு இல்லை என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணுக்குப் பதில் சொன்னேன். "சொல்லிட்டுப் போகலைம்மா. அது கோவலனோட தப்பு. மணிமேகலையோட தப்பு இல்லை. ஆனா அவருக்கு அவ கனவில வந்தா" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு அது கேட்டது: "அது அவளுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். யாரும் சொல்லவில்லை. மாதவியாவது, மாடலனாவது சொல்லியிருக்கலாம்.